ஒரு முறை உருகினால் போதுமா?

மார்கழி மாதத்துக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு சொட்டும் விழாது. வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். "வெயிலில் கொண்டுபோய் வை" என்பார் அம்மா. நீங்களும் வைப்பீர்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் உருகியிருக்கும். நடுவே வெள்ளைக் கட்டி மீந்திருக்கும். பள்ளிக்கு நேரமாகிறதே என்று நீங்கள் தவிப்பீர்கள். அதுவோ அவசரமே படாமல் உருகிக்கொண்டிருக்கும்.

வெயில் சுள்ளென்று அடிக்கிறது. புட்டிக்குள் வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. அப்படியிருந்தும் அந்தக் கட்டி ஏன் சட்டென்று சூடாகவில்லை? உள்ளே போன வெப்பம் எங்கே போய் ஒளிந்துகொண்டது?

ஏறத்தாழ இதே கேள்வியைப் பனிக்கட்டியை வைத்துக்கொண்டு கேட்டவர் ஜோசப் பிளாக். 18ஆம் நூற்றாண்டில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்தவர். உருகும் பனிக்கட்டிக்கு எவ்வளவு வெப்பம் கொடுத்தாலும், அது முழுவதும் உருகி முடிகிற வரையில் வெப்பமானியின் ரசம் அசைவதில்லை என்பதை அவர் கவனித்தார். ஒளிந்திருக்கும் அந்த வெப்பத்துக்கு 'உள்ளுறை வெப்பம்' என்று பெயர். வெப்பம் காணாமற் போய்விடவில்லை. கட்டியாக அணிவகுத்து நின்ற மூலக்கூறுகளின் பிணைப்பைத் தளர்த்தச் செலவாகிறது. மறுபடி உறையும்போது அதே அளவு வெப்பத்தை அந்தப் பொருள் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கடன் வாங்கினால் ஒரு காசு குறையாமல் திருப்பித் தரும் நாணயஸ்தர் போல!

கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். ஆனால் 0 டிகிரியில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டியை 0 டிகிரித் தண்ணீராக்க 80 கலோரி வேண்டும். அதே 80 கலோரியைக் கொண்டு அந்தத் தண்ணீரை 80 டிகிரி வரை, கை வைக்க முடியாத அளவுக்குச் சுட வைத்துவிடலாம்.

வெயிலுக்கு ஒரு குதிர்

இதற்கும் சூரிய சக்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நெல் ஆண்டு முழுவதும் விளைவதில்லை. ஆனால் சோறு தினமும் வேண்டும். அதனால்தான் நம் முன்னோர் குதிர் கட்டினார்கள். வெயிலும் அப்படித்தான். பகலில் வேண்டிய மட்டும் கொட்டுகிறது. விளக்கேற்றும் நேரத்தில் போய்விடுகிறது. வெயிலுக்கு ஒரு குதிர் கட்டாமல் சூரிய சக்தியைப் பற்றிப் பேசுவதில் பாதிப் பயன்தான் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் மாவட்டத்து நோக் என்ற ஊரில், வளைந்த ஆடிகளால் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கும் 50 மெகாவாட் மின் நிலையம் ஒன்று 2013இல் இயங்கத் தொடங்கியது. அது சேமிப்புத் தொட்டி இல்லாமலே கட்டப்பட்டது. வெயில் சாய்ந்தால் சுழலியும் ஓய வேண்டியதுதான். வீட்டில் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாம் ஒன்றாக ஓடுவது எப்போது? அந்தி சாய்ந்த பிறகல்லவா?

குதிர் என்றவுடன் இன்று எல்லோரும் மின்கலத்தைத்தான் நினைக்கிறார்கள். மின்சாரமாகப் பிடித்ததை மின்சாரமாகவே செலவிட மின்கலம் நல்ல வழிதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நமக்கு வேண்டியதெல்லாம் மின்சாரமா? குளிக்க வெந்நீர், நெல் புழுக்க நீராவி, தேயிலை உலர்த்த வெப்பக் காற்று, மருந்தைக் காக்கக் குளிர்ச்சி ஆகிய எல்லாமே வெப்பத்தின் வேலைகள். வெயில் நமக்கு வெப்பமாகவே வருகிறது. வெப்பமாகவே வைத்து, வெப்பமாகவே எடுத்தால் என்ன?

இந்த இடத்தில்தான் நம்முடைய தேங்காய் எண்ணெய்ப் பாடம் கைகொடுக்கிறது. பகலில் ஒரு பொருளை வெயிலால் உருக்கி வைப்போம். இரவில் அது உறையட்டும். உறைகிறபோது விடும் வெப்பத்தை வாங்கிக்கொள்வோம். கேட்பதற்கு எவ்வளவு எளிதாக இருக்கிறது! எளிதாக இருப்பதைக் கண்டால்தான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

டோவர் ஊரின் சூரிய வீடு

1948ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் டோவர் என்னும் ஊர். அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும். கணப்பு இல்லாமல் இருக்க முடியாது. அந்த ஊரில் வெயிலை மட்டுமே நம்பி ஒரு வீடு எழுந்தது. வீட்டின் வெப்ப ஏற்பாட்டை வகுத்தவர் மரியா டெல்கெஸ் அம்மையார். 1900இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். இரண்டாம் உலகப் போரின்போது, கடலில் தத்தளிப்போர் வெயிலைக் கொண்டு உப்பு நீரைக் குடிநீராக்கிக்கொள்ளும் கருவியை உருவாக்கியவரும் அவரே. வீட்டை வரைந்தவர் எலினார் ரேமண்ட் என்ற பெண் கட்டடக் கலைஞர். பணம் கொடுத்தவர் அமீலியா பீபாடி என்ற சிற்பி, அவரும் பெண்தான்.

வீட்டின் தெற்குப் பக்கத்து மேல்தளத்தில் கண்ணாடி. அதன் பின்னே வெயிலில் காயும் உலோகத் தகடுகள். தகட்டில் சூடான காற்றை விசிறிகள் சுவர்களுக்கு இடையே அனுப்பும். அங்கே பீப்பாய் பீப்பாயாகக் கிளாபர் உப்பு, ஏறத்தாழ 20 டன். இது பத்து மூலக்கூறு நீரோடு படிகமான சோடியம் சல்பேட். 32 டிகிரியில் உருகிவிடும். ஒரு கிராம் உருக ஏறத்தாழ 60 கலோரி வேண்டும்.

20 டன் என்றால் 2 கோடி கிராம். 60ஆல் பெருக்கினால் 120 கோடி கலோரி. மின்சார யூனிட்டில் சொன்னால் ஏறத்தாழ 1,400 யூனிட். அவ்வளவு வெப்பமும் சுவருக்குள்ளே, அதிகச் சூடில்லாமல், 32 டிகிரியிலேயே அடங்கிக் கிடக்கும்! இதே வேலையைத் தண்ணீரிடம் கொடுத்து, அது 10 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது என்றும் சொன்னால், 120 டன் தண்ணீர் வேண்டும். வீட்டைத் தொட்டியாகத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

1948 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு குடும்பம் அங்கே குடியேறியது. முதற் குளிர்காலம் நன்றாகவே கழிந்தது. பத்திரிகைகள் பாராட்டி எழுதின. ஆனால் சில குளிர்காலங்களுக்குள் வீடு குளிரத் தொடங்கிவிட்டது. கடைசியில் வழக்கமான கணப்பைக் கொண்டுவந்து வைக்க வேண்டியதாயிற்று.

என்ன நடந்தது?

உப்பு செய்த குறும்புகள்

முதற் குறும்பு, பிரிந்து போவது. கிளாபர் உப்பு உருகும்போது சோடியம் சல்பேட் முழுவதும் தன் நீரிலேயே கரைவதில்லை. ஒரு பகுதி நீரில்லாத பொடியாக அடியில் தங்கிவிடுகிறது. மறுபடி குளிரும்போது மேலே உள்ள நீரும் அடியில் உள்ள பொடியும் சரியாகச் சேர்வதில்லை. ஒவ்வொரு முறையும் வண்டல் கூடுகிறது. சேமிக்கும் திறன் குறைகிறது. சர்பத் அடியில் சர்க்கரை தங்குவதைப் பார்த்திருப்பீர்களே! நாம் கரண்டி போட்டுக் கலக்கிவிடுவோம். மூடிய பீப்பாய்க்குள் யார் கலக்குவது?

இரண்டாவது, உறைய மறுப்பது. உறைய வேண்டிய வெப்பநிலைக்குக் கீழே போன பிறகும் சில உப்புகள் திரவமாகவே நிற்கும். 'மீக்குளிர்வு' என்பார்கள். உறைந்தால்தானே வெப்பம் வெளிவரும்? இதற்கு டெல்கெஸ் அம்மையாரே ஓர் அழகான மருந்து கண்டார். அவர் அதைப் பற்றி எழுதியது 1952இல். கொஞ்சம் வெண்காரம் சேர்த்தால் போதும். வெண்காரத்தின் படிகம் அமைப்பில் கிளாபர் உப்பின் படிகத்தை ஒத்தது. அதைப் பிடித்துக்கொண்டு உப்பு படிகமாகத் தொடங்கும். பால் தயிராக உறைமோர் இடுகிறோமே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே நுண்ணுயிர் எதுவும் இல்லை, வெறும் அச்சு மட்டும்தான்.

மூன்றாவது, அரிப்பு. உப்பும் நீரும் சேர்ந்த இடத்தில் இரும்புக் கலத்துக்கு நிம்மதி ஏது? டோவர் வீட்டிலும் பீப்பாய்கள் ஒழுகின.

நான்காவது குறும்பு இன்னும் நுட்பமானது. குழாய் வழியே வெப்பத்தை எடுக்கும்போது, முதலில் எது உறையும்? குழாயை ஒட்டியிருக்கும் பகுதிதான். அந்த உறைந்த அடுக்கே பிறகு போர்வையாகிவிடுகிறது. உள்ளே எவ்வளவு வெப்பம் இருந்தாலும் போர்வையைத் தாண்டி வர நேரம் ஆகிறது. மெழுகை எடுத்துக்கொண்டால், அது செம்பைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மந்தமாக வெப்பத்தைக் கடத்துகிறது. கஞ்சன் பெட்டியில் பணம் இருந்து என்ன? அவசரத்துக்கு எடுக்க முடிந்தால்தானே!

உருகிய உப்பும் உருகும் உப்பும்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ஸ்பெயினில் சூரிய மின் நிலையங்கள் உருகிய உப்பில் வெப்பத்தைச் சேமித்து இரவிலும் ஓடுகின்றன என்று படித்திருப்பீர்கள். உண்மைதான். 2009ஐ ஒட்டி இயங்கத் தொடங்கிய அண்டாசோல் நிலையத்தில் 28,500 டன் உப்பு இருக்கிறது. சோடியம் நைட்ரேட் 60 பங்கு, வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் 40 பங்கு. வெயில் போன பிறகும் ஏழரை மணி நேரம் 50 மெகாவாட் தரும். 2011இல் வந்த கெமாசோலார் நிலையத்தின் சேமிப்போ 15 மணி நேரம்.

இதைப் பார்த்துவிட்டு, 'உள்ளுறை வெப்பம் வென்றுவிட்டது' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு. அந்த உப்பு எப்போதும் திரவமாகவே இருக்கிறது. அண்டாசோலில் 292 டிகிரியிலிருந்து 386 டிகிரி வரை சூடாகி, மறுபடி ஆறுகிறது. அவ்வளவே. வெந்நீர்த் தவலை செய்யும் வேலையைத்தான் அதுவும் செய்கிறது. குழாய்க்குள் உறைந்துவிட்டால் நிலையத்தார் பதறிப் போவார்கள்!

ஏன் அவர்கள் உள்ளுறை வெப்பத்தைப் பயன்படுத்தவில்லை? காகிதமும் பென்சிலும் எடுங்கள். அந்த உப்பு ஒரு கிராம் ஒரு டிகிரி சூடேற ஏறத்தாழ 0.36 கலோரி வேண்டும். 94 டிகிரி ஏறினால் சுமார் 34 கலோரி. 306 டிகிரியை ஒட்டி உருகும் சோடியம் நைட்ரேட்டின் உள்ளுறை வெப்பமோ சுமார் 42 கலோரி. பார்த்தீர்களா? வித்தியாசம் கொஞ்சம்தான். கெமாசோலாரில் உப்பு 290இலிருந்து 565 டிகிரி வரை ஏறுகிறது. 275ஐ 0.36ஆல் பெருக்கினால் 99 கலோரி! உள்ளுறை வெப்பம் தோற்றே போகிறது. அதோடு திரவத்தைக் குழாயில் ஓடவிடலாம். உறைந்த கட்டி எங்கே ஓடும்?

அப்படியானால் உருகும் பொருளுக்கு வேலையே இல்லையா? உண்டு. வெப்பநிலை அதிகம் மாறக் கூடாத இடங்களில் அதை விஞ்ச ஆளில்லை. தண்ணீர் நீராவியாகும்போதும் வெப்பநிலை மாறுவதில்லை அல்லவா? ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் நீருக்கு, ஒரே வெப்பநிலையில் உறையும் உப்பு பொருத்தமான துணை. ஸ்பெயினில் கார்போனெராஸ் என்ற இடத்தில் 2010ஐ ஒட்டி ஏறத்தாழ 14 டன் சோடியம் நைட்ரேட்டை வைத்து இதைச் சோதித்தார்கள். உறைந்த போர்வையின் தொல்லையைக் குறைக்க, வெப்பத்தைக் கடத்தும் துடுப்பு போன்ற தகடுகளைக் குழாய்களில் பொருத்தினார்கள். சுவீடனைச் சேர்ந்த அசெலியோ நிறுவனம் அலுமினியக் கலவையை 600 டிகிரி அளவில் உருக்கிச் சேமிக்க முயன்றது. உலோகம் ஆதலால் போர்வைத் தொல்லை அதில் குறைவு. ஆனால் அந்த நிறுவனம் 2023இல் நொடித்துப் போயிற்று. நல்ல எண்ணத்துக்கும் நல்ல வியாபாரத்துக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது.

அலுப்பே இல்லாத பனிக்கட்டி

வென்ற பொருள் ஒன்றும் உண்டு. அது மிக மலிவானது. உங்கள் வீட்டிலும் இருக்கிறது. தண்ணீர்தான்!

மின்சாரம் சரியாக வராத ஊர்களில் உள்ள மருத்துவ நிலையங்களில் தடுப்பூசி மருந்தைக் கெடாமல் காப்பது பெரும் பாடு. முன்பெல்லாம் சூரியத் தகட்டோடு மின்கலத்தையும் இணைத்தார்கள். மின்கலம் சில ஆண்டுகளில் செத்துவிடும். மாற்ற ஆளும் பணமும் இருக்காது. பெட்டி மூலையில் கிடக்கும். இப்போது மின்கலமே இல்லாத குளிர்ப்பெட்டிகள் வந்துள்ளன. பகலில் சூரியத் தகடு தரும் மின்சாரத்தால் பெட்டிக்குள் தண்ணீர் பனிக்கட்டியாகிறது. இரவு முழுவதும் அது மெல்ல உருகி மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கிறது. குழந்தைகளின் உயிரைக் காக்கும் மருந்து, பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பத்தை நம்பி இருக்கிறது!

தண்ணீர் ஏன் வென்றது? கிளாபர் உப்பைப் போல அது பிரிந்து போவதில்லை. விலை மலிவு. தீப்பற்றாது. எத்தனை ஆயிரம் முறை உறைந்து உருகினாலும் தண்ணீர் தண்ணீர்தான். அதற்கு அலுப்பே இல்லை.

என் கருத்து

இப்போது என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் மாணவர் ஒருவர் மெழுகு நிரப்பிய சூரிய வெப்பப் பெட்டியை வைத்திருந்தார். அழகாகச் செய்திருந்தார், விளக்கமும் தெளிவாக இருந்தது. "இதை எத்தனை முறை உருக்கிப் பார்த்தாய், தம்பி?" என்று கேட்டேன். "நேற்று ஒரு தடவை உருக்கினேன், சார். நன்றாக வேலை செய்தது" என்றார். அவர் மேல் குற்றமில்லை. பார்க்க வந்த எங்களில் யாரும் அதற்கு மேல் கேட்பதில்லையே!

சூரியன் ஒரு நாள் வருகிற விருந்தாளியா? தினமும் வருகிறவன். வெப்பக் குதிர் 25 ஆண்டு உழைக்க வேண்டுமானால், 365ஐ 25ஆல் பெருக்குங்கள். 9,125 முறை உருகி, 9,125 முறை உறைய வேண்டும். டோவர் வீட்டின் உப்பு முதல் முறை சரியாகவே உருகியது. பத்தாவது முறையும் உருகியிருக்கும். காலம் போகப் போகத்தான் அதன் குணம் தெரிந்தது.

ஆகையால் 'பல மடங்கு வெப்பத்தைச் சேமிக்கும் புதுப்பொருள் கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால் நீங்கள் நான்கு கேள்விகள் கேளுங்கள். எத்தனை டிகிரியில் உருகுகிறது? அந்த டிகிரி எந்த வேலைக்குப் பொருந்தும்? சேமித்த வெப்பம் எவ்வளவு வேகமாக வெளிவரும்? எத்தனை முறை உருக்கிப் பார்த்தார்கள்? நான்காவது கேள்விக்கு விடை இல்லையென்றால், அந்தச் செய்தியைப் பத்திரமாக வெட்டி வைத்துவிட்டு, ஐந்து ஆண்டு பொறுத்திருங்கள்.

புதுப்பொருளைக் கண்டவருக்கு மாலை போடுகிறோம். பழைய பொருளை ஆயிரம் முறை உருக்கி, ஒவ்வொரு முறையும் அளந்து, குறிப்பேட்டில் எழுதி, 'இது 300ஆம் முறையில் கெட்டது' என்று சொல்கிறவரை நாம் கண்டுகொள்வதில்லை. எனக்கென்னவோ இரண்டாமவர்தான் நமக்கு இன்று அதிகம் தேவை என்று தோன்றுகிறது. நெல் ஆலையும் தேயிலை ஆலையும் கொதிகலனுக்கு உமியையும் விறகையும் எரிப்பதைக் குறைக்க வேண்டுமானால், நம் வெயிலில், நம் தூசியில், நம் ஊர்க் கலங்களில், நாள் தவறாமல் சோதித்த பொருள் வேண்டும். அதை வேறொருவர் வந்து நமக்காகச் செய்து தருவார் என்று காத்திருக்க முடியாது.

டெல்கெஸ் அம்மையார் தோற்றாரா என்றும் கேட்கலாம். டோவர் வீடு குளிர்ந்தது, அவர் சோர்ந்துவிடவில்லை. 1970களில் டெலவேர் பல்கலைக்கழகத்தின் சூரிய வீட்டில் மறுபடி உப்பைக் கொண்டு வெப்பத்தைச் சேமிக்க முனைந்தார். 1995இல் மறையும்போது அவருக்கு 94 வயது. அவருடைய வீடு எங்கே, ஏன் தவறியது என்பது எழுதி வைக்கப்பட்டதால்தான், பின்னால் வந்தவர்கள் உப்பு அடியில் தங்காமலிருக்கக் குழைமம் சேர்த்தும், கலத்தை மாற்றியும் மேலே போக முடிந்தது. மறைத்த தோல்வியால் யாருக்கும் பயனில்லை. அளந்து எழுதிய தோல்வி அறிவியலின் சொத்து.

நீங்களும் தொடங்கலாம்

செலவில்லாத ஒரு சோதனை சொல்கிறேன். சிறு கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆய்வகத்து வெப்பமானியை அதில் நிறுத்தி, புட்டியைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வைத்து உறைய விடுங்கள். பிறகு 40 டிகிரி அளவுள்ள வெதுவெதுப்பான நீரில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து வாருங்கள். எண்ணெய் உறைந்திருக்கும்போது வெப்பமானியைப் பிடித்து இழுக்காதீர்கள், உடைந்துவிடும். வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு வரையுங்கள். 24 டிகிரியை ஒட்டி ஏற்றம் மந்தமாவதைக் காண்பீர்கள். உள்ளுறை வெப்பம் ஒளிந்திருக்கும் இடம் அதுதான்.

இதோடு விட்டுவிடாதீர்கள். மறுநாளும் அதே எண்ணெய், அதே புட்டி, அதே அளவு நீர். அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு மாதம் செய்து, முப்பது கோடுகளையும் ஒரே தாளில் வரையுங்கள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றனவா? விலகினால், ஏன்? விலகாவிட்டால் அதுவும் ஒரு விடைதான்.

அடுத்த கண்காட்சியில் யாராவது உங்களிடம், "எத்தனை முறை உருக்கிப் பார்த்தாய்?" என்று கேட்கட்டும். "முப்பது முறை, சார். இதோ குறிப்பேடு" என்று நீட்டுங்கள்.